முடோனிலிருந்து துவாண்டே: முழங்கால் வலி உள்ளவளை எப்படி அழைத்துப் போவது?

முடோன் கணக்குப்பிள்ளை
17 ஜனவரி 2019, இரவு 8.10

பர்மாத் தமிழர் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பயணப் பேச்சு தொடங்கிவிட்டது. பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, ரங்கூனுக்கு அக்கரையிலுள்ள துவாண்டேயில் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. பத்து நாளாவது முன்னால் போய் இறங்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் உத்தரவு. மகளுக்கு முறுக்குப் பிழியக் கை வராதாம்.

எனக்கு 73 வயது, அவளுக்கு 68. ரப்பர் தோட்டத்தில் பால் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். என் கால்களில் குறையில்லை. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமதரையில் நடப்பாள், படி ஏறுவாள். இறங்குவதுதான் ஆகாது.

வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். முடோனிலிருந்து மோல்மேன் 18 மைல், அங்கிருந்து ரங்கூன் சுமார் 300 கிலோமீட்டர், பிறகு பான்சொடான் ஜெட்டியில் படகேறி ஆற்றின் அக்கரையில் தலா, தலாவிலிருந்து துவாண்டேக்கு இன்னும் ஒரு மணி நேரம். போன தடவை, மகளைத் தனிக்குடித்தனம் வைக்கப் பாத்திரம் பண்டத்தோடு போனபோது, இரவு பஸ்ஸில் போனோம். விடியுமுன் ரங்கூனின் அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். கொசுக்கடியில் உட்கார்ந்திருந்து, டாக்ஸி பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, ஜெட்டிக்கு வந்தபோது மணி பத்து. கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் நடைபாலம் கிணற்றுக்குள் இறங்குவது போலச் சரிந்து கிடந்தது. பாதி தூரம் போனதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கோழிக்கூடை, சைக்கிள், ஊர்ச்சனம் எல்லாம் நிற்கிறது. கடைசியில் இரண்டு பர்மியப் பையன்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். வலியைவிட வெட்கம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. "இனி அந்தப் பலகையில் கால் வைக்க மாட்டேன்" என்றவள், இப்போது பேரனுக்காக வைக்கிறேன் என்கிறாள்.

பஸ்ஸா, ரயிலா, வேறு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தட்டோன் தம்பி
17 ஜனவரி, இரவு 9.02

ஐயா, பஸ்தான். மாதம் இரண்டு முறை போய்வருகிறேன். ரயில் ஒன்பது பத்து மணி நேரம் உலுக்கும். பஸ் ஆறு ஏழு மணியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பகல் பஸ்ஸில் போங்கள், இரவில் வேண்டாம். குளிர்சாதனத்தை ஐஸ் பெட்டி போல வைத்துவிடுவார்கள், அம்மாவுக்குச் சால்வை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இருவரின் அடையாள அட்டையும் நகலும் கையோடு இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்: கதவு எந்தப் பக்கம்? 1970-இல் நம் நாடு வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது, ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களுக்குக் கதவு இன்னும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. வழியில் எங்கே இறங்கினாலும் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். என் பாட்டி இறங்கிய நொடியில் ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. புது வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.


கமாயுட் டாக்ஸி
17 ஜனவரி, இரவு 10.40

படகே எதற்கு? அவுங் மிங்கலாவிலிருந்து நேரே டாக்ஸியில் லைங்தாயா வழியாகத் துவாண்டேக்குப் போகலாம். தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். சுற்றுதான், லைங்தாயா நெரிசலில் இரண்டு மணி நேரம் போகும், காசும் கூட. ஆனால் வீட்டு வாசலில் இறங்கலாம். வண்டி வேண்டுமானால் தனிச் செய்தி அனுப்புங்கள்.


முடோன் கணக்குப்பிள்ளை
18 ஜனவரி, காலை 6.15

டாக்ஸித் தம்பிக்கு நன்றி. காசைப் பற்றி ஒன்றுமில்லை. காரில் ஏறினால் அரைமணியில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். கிளம்பும் முன்பே எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கிறவள். 300 கிலோமீட்டர் பஸ், அதன்மேல் நெரிசலில் இரண்டு மணி நேரம் கார் என்றால் பேரனைப் பார்க்க நான் தனியாகத்தான் போய்ச் சேர்வேன்.


பெகுக்காரி
18 ஜனவரி, முற்பகல் 11.20

அண்ணா, ஆண்கள் யாரும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. 68 வயதுப் பெண்ணுக்கு ஏழு மணி நேர பஸ்ஸில் முதல் கவலை முழங்கால் அல்ல, கழிப்பறை. நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அதனால் என் அம்மா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். இறங்கும்போது உதடு வெடித்து, தலை சுற்றி, கால் மரத்து நிற்பார். அந்தக் காலோடு நடைபாலத்தில் இறங்கச் சொன்னால் யாரும்தான் உட்கார்ந்துவிடுவார்கள்.

ரயிலில் போங்கள். மேல்வகுப்பு இருக்கை எடுத்தால் காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை பத்தடியில் இருக்கும். துள்ளும், ஆமாம், சில இடங்களில் குதிரைச் சவாரிதான். ஜன்னல் வழியாகக் கிளை வந்து முகத்தில் அடிக்கும். ஆனால் முடிகிற இடத்தைப் பாருங்கள். பஸ் உங்களை ஊருக்கு வடக்கே, விமான நிலையத்தின் பக்கம் கொண்டுபோய்த் தள்ளுகிறது. ரயில் நடு ஊரில் இறக்குகிறது. அங்கிருந்து பான்சொடான் ஜெட்டி ஒரு மைல் சுற்றளவில்தான். காரில் பத்து நிமிடக் குமட்டலை அண்ணி தாங்குவார்.


தட்டோன் தம்பி
18 ஜனவரி, பிற்பகல் 1.05

ரயில் நிலையத்தில் நடைமேடை மாற மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டுமே அக்கா. அம்மாவுக்கு இறங்குவதுதான் ஆகாது என்று ஐயா எழுதியிருக்கிறார். அதைப் படித்தீர்களா?


பெகுக்காரி
18 ஜனவரி, பிற்பகல் 1.30

படித்தேன். பஸ்ஸிலிருந்தும் பறந்தா இறங்குவார்கள்?


மார்த்தபான் பழசு
18 ஜனவரி, மாலை 5.45

உங்கள் சண்டைக்குள் ஒரு பழங்கதை. 2005 பிப்ரவரியில் சல்வீன் ஆற்றுப் பாலம் திறக்கும்வரை ரங்கூன் ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும். அங்கே எல்லோரும் மூட்டையோடு இறங்கி, சல்வீனைப் படகில் கடந்துதான் மோல்மேன். எதிர்க்கரை மலைமேல் பகோடா தெரிந்ததும், பர்மியர் தமிழர் என்றில்லாமல் படகே கை கூப்பும். என் கல்யாணத்தில் பெண் அழைத்து வந்ததும் அந்தப் படகில்தான். நடு ஆற்றில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் தலையில் நெல் சாக்கைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். இப்போது பாலத்தில் ஐந்து நிமிடத்தில் போகிறார்கள், யாரும் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை, மன்னிக்கவும். ரயிலுக்கு என் ஓட்டு.


இன்சின் இளைஞன்
18 ஜனவரி, இரவு 9.15

பெரியவர்களை இவ்வளவு பாடுபடுத்துவதைவிட, மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முடோனுக்கு வந்து அங்கேயே காது குத்தினால் என்ன? சின்னவர்கள்தானே அலைய வேண்டும்?


துவாண்டே மகள்
19 ஜனவரி, காலை 10.10

இந்த இழையின் இணைப்பை என் சிற்றப்பா மகன் அனுப்பினான். அப்பா இங்கே எழுதுகிறார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தம்பி, அதைத்தான் நான் முதலில் சொன்னேன். பிரசவத்துக்கு முடோனுக்குப் போய் அஞ்சு மாதம் இருந்தவள் நான். இன்னொரு முறை போக எனக்குத் தயக்கமில்லை. அம்மாதான் ஒப்பவில்லை. "உன் வீட்டில் நான் இரண்டு நாள்கூட முழுதாக இருந்ததில்லை. உன் அடுப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அப்பா, அம்மாவிடம் மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துரியான் சீசன் இல்லை என்பது எனக்குத் தெரியும், கருவாடு போதும்.


பான்சொடான் சாரங்கு
19 ஜனவரி, இரவு 7.50

ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவன் நான். அப்பா தலா கப்பல் பட்டறையில் கொல்லுவேலை பார்த்தவர். ஒரு காலத்தில் இந்த ஆறுகளில் ஐராவதி புளோட்டிலா கம்பெனியின் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் ஓடின. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பெரும்பாலானவற்றை அவர்களே மூழ்கடித்தார்கள். அது போகட்டும்.

கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அம்மா உட்கார்ந்துவிட்ட அன்று என்ன திதி?


முடோன் கணக்குப்பிள்ளை
19 ஜனவரி, இரவு 8.30

திதியா? டைரியைப் பார்த்தேன். 2016, மாசி மகத்துக்கு மறுநாள்.


பான்சொடான் சாரங்கு
19 ஜனவரி, இரவு 9.40

நினைத்தேன்.

எல்லோரும் பஸ், ரயில் என்று 300 கிலோமீட்டரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். அம்மாவை மடக்கியது அறுபது எழுபது அடி நடைபாலம். அதைக் கவனியுங்கள். நடைபாலத்தின் ஒரு முனை கரையில் கட்டியிருக்கிறது, அசையாது. மறுமுனை மிதவையின் மேல். ஆற்று நீர் ஏறினால் மிதவையும் ஏறும், பாலம் தட்டையாகிவிடும். நீர் வற்றினால் மிதவை கீழே போகும், பாலம் சரியும். ரங்கூன் ஆறு கடலோடு மூச்சு விடுகிற ஆறு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதத்துக்கும் (நீர் ஏற்றம்) வற்றத்துக்கும் (நீர் இறக்கம்) நடுவே சுமார் 19 அடி வித்தியாசம் இருக்கும். மாசி மகத்துக்கு மறுநாள் காலை பத்து மணி என்றால் நல்ல வற்றம். நீங்கள் இறங்கியது வருடத்தின் மோசமான சாய்வுகளில் ஒன்று. அம்மாவின் காலைக் குறை சொல்லாதீர்கள்.

அரைமதி நாட்களில், அதாவது அஷ்டமியும் அதற்கு அடுத்த ஓரிரு நாளும், ஆறு சோம்பிக் கிடக்கும். ஏற்ற இறக்கம் பாதிக்கும் கீழே. வற்றமான நேரத்தில் போனாலும் பாலம் அவ்வளவாகச் சரியாது. இந்த மாதம் 21-ஆம் தேதி பூசம், பௌர்ணமி, போகாதீர்கள். பிப்ரவரி 4 தை அமாவாசை, அதுவும் வேண்டாம். நடுவில் ஜனவரி 27 முதல் 30 வரை உங்கள் நாட்கள்.

சிறு மோட்டார் படகில் ஏற்றிவிடுகிறேன் என்று ஜெட்டி ஓரத்தில் ஆட்கள் கூப்பிடுவார்கள். திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஜப்பான் 2014-இல் கொடுத்த செர்ரி படகுகள் மூன்று இருக்கின்றன, அதிலேயே போங்கள். கடக்க ஏறக்குறையப் பத்து நிமிடம்.

படி இறங்குவதற்கு ஒரு வழி: முகத்தைப் படியின் பக்கம் வைத்து, இரு கையாலும் கம்பியைப் பிடித்து, பின்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள். கப்பல் ஏணியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவோம். முழங்காலில் பாரம் குறையும்.


முடோன் கணக்குப்பிள்ளை
20 ஜனவரி, காலை 7.00

சாரங்கு ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நடைபாலக் கதை அவளுக்கு உடனே புரிந்தது. "அப்படியானால் தப்பு என் மேல் இல்லை" என்றாள். மூன்று வருடமாக எங்கே வைத்திருந்தாளோ அதை.

ஆனால் பஞ்சாங்கத்தை எடுத்தாள், எல்லாம் கெட்டது. 27 ஞாயிறு பிற்பகல் அஷ்டமி பிறக்கிறது. 28 திங்கள் பிற்பகல் நவமி. இரண்டிலும் எங்கள் வீட்டில் யாரும் வாசல் தாண்டியதில்லை. 29 செவ்வாய், 30 புதன். இரண்டு நாளும் வடக்கே சூலம், நாங்கள் போவதோ வடக்கே. ஆறு நல்ல நாள் என்று சொல்லும் நான்கு நாளையும் பஞ்சாங்கம் ஆகாது என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?


இன்சின் இளைஞன்
20 ஜனவரி, காலை 9.25

2019-இல் இருக்கிறோம் ஐயா.


பான்சொடான் சாரங்கு
20 ஜனவரி, மதியம் 12.10

இளைஞரே, ஆறு எந்த வருடத்தையும் பார்ப்பதில்லை, நிலவைத்தான் பார்க்கிறது. பஞ்சாங்கம் போட்டவனும் அதே நிலவைத்தான் பார்த்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நாம் ஒதுக்கிவைக்கும் அதே எட்டாம் பிறையில்தான் பக்கத்து வீட்டுப் பர்மியர்கள் பகோடாவுக்குப் போய்ச் சீலம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது நோன்பு நாள். புத்தருக்கு ஆகிற நாள் பேரனைப் பார்க்கப் போவதற்கு ஆகாதா?


முடோன் கணக்குப்பிள்ளை
20 ஜனவரி, பிற்பகல் 2.00

சொன்னேன். "அது அவர்களுக்கு" என்றாள்.


பெகுக்காரி
20 ஜனவரி, மாலை 4.30

அண்ணா, உங்கள் வீட்டில் பரஸ்தானம் வைக்கும் வழக்கம் இல்லையா? கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, ஒரு புடவையும் கொஞ்சம் மஞ்சளும் மூட்டை கட்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. மூன்று நாளுக்குள் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். எங்கள் பாட்டி சௌதான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் இதைத்தான் செய்தார்.

26 சனிக்கிழமை அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை, வடக்கே சூலமும் இல்லை. அன்று மூட்டையை வையுங்கள். 28 திங்கள் காலை ரயிலில் ஏறுங்கள். அன்றிரவு ரங்கூனில் தங்கிச் செவ்வாய்க்கிழமை ஆற்றைக் கடங்கள். ரங்கூனிலிருந்து தலா தெற்கே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வடசூலம் உங்களை ஒன்றும் செய்யாது.


மார்த்தபான் பழசு
20 ஜனவரி, மாலை 6.05

சனிக்கிழமையா? சனிக்கிழமை தொடங்கியது இழுத்துக்கொண்டே போகும் என்பார்களே.


பெகுக்காரி
20 ஜனவரி, மாலை 6.20

இழுத்துக்கொண்டு போகட்டும், அண்ணி மகள் வீட்டில் இன்னும் பத்து நாள் கூட இருப்பார். நீங்கள் படகுக் கதை ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.


முடோன் கணக்குப்பிள்ளை
20 ஜனவரி, இரவு 8.45

ஒப்பிவிட்டாள். "இதை அந்தப் பெகுப் பெண் முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்கிறாள். ரங்கூனில் தங்க அவள் தங்கை வீடு இருக்கிறது. ரயில் டிக்கெட்டுக்கு நாளைக்கே மோல்மேன் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.


முடோன் கணக்குப்பிள்ளை
30 ஜனவரி, காலை 11.15

துவாண்டேயிலிருந்து எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக விவரமாக.

சனிக்கிழமை காலை மூட்டையை அடுத்த வீட்டு மோன் இனத்து அம்மையாரிடம் கொடுத்தோம். எதற்கு என்று விளக்க எனக்குப் பர்மிய வார்த்தை கிடைக்கவில்லை. "எங்கள் பயணத்தை இரண்டு நாள் உங்கள் வீட்டில் வைத்திருங்கள்" என்று சொல்லிவைத்தேன். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் எடுக்கப் போனால், மூட்டை புத்தர் மாடத்துக்குக் கீழே, பூச்சாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் வைத்த மல்லிகைச் சரம் ஒன்று அதன் மேல் கிடந்தது. என் வீட்டம்மா அந்தச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் லைன் காரில் (ஆள் ஏற்றும் சிறு வண்டி) ஏறினாள்.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். உலுக்கல் பற்றித் தட்டோன் தம்பி சொன்னது உண்மை. தட்டோனைத் தாண்டியதும் தேநீர் டம்ளர் என் மடியில்தான் இருந்தது. ஆனால் அவள் தண்ணீர் குடித்தாள், எழுந்து நடந்தாள், சித்தாங் பாலத்தில் தலையை வெளியே நீட்டிக் காசு போட்டாள். ரங்கூன் நிலையத்தில் மேம்பாலப் படியில் சாரங்கு ஐயா சொன்னபடி திரும்பி நின்று, பின்பக்கமாக இறங்கினாள். மேலே இருந்து இறங்கிய கூட்டம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு பொடிப் புத்த இளந்துறவி இரண்டு படி மேலே நின்று, கூட்டத்தை மறித்துக்கொண்டு, அவள் கடைசிப் படியில் கால் வைக்கும்வரை நகரவில்லை.

நேற்றுக் காலை பத்தரைக்குப் பான்சொடான். நடைபாலம் எங்கள் வீட்டுத் திண்ணைச் சாய்வுதான் இருந்தது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்து போய் மிதவையில் நின்று, "இதற்கா?" என்று கேட்டாள். படகில் வாடகைக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எடுத்துக் கம்பி ஓரமாக உட்கார்ந்தாள். பனிக்காலம் அல்லவா, கடற்காகங்கள் படகைச் சுற்றிச் சுற்றி வந்தன. எல்லோரும் பொரி வாங்கி வீசினார்கள்.


தட்டோன் தம்பி
30 ஜனவரி, மதியம் 12.30

மிக்க மகிழ்ச்சி ஐயா. பஸ்ஸில் போயிருந்தால் தேநீர் சிந்தியிருக்காது.


துவாண்டே மகள்
30 ஜனவரி, பிற்பகல் 3.10

அப்பா ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார். அம்மா பொரி வாங்கவில்லை. காதுகுத்துக்கென்று சுட்டுக்கொண்டு வந்த முறுக்கு டின்னைத் திறந்துவிட்டார். பாதி டின்தான் வீடு வந்து சேர்ந்தது. இன்று காலையிலிருந்து என் அடுப்பில் மறுபடி எண்ணெய் காய்கிறது. அடுப்பு கிழக்குப் பார்த்துத்தான் இருக்கிறதாம், திருப்தி.


முடோன் கணக்குப்பிள்ளை
30 ஜனவரி, மாலை 5.40

சாரங்கு ஐயா, திரும்பிப் போகும் நாளையும் இப்போதே குறித்துக்கொடுத்துவிடுங்கள். மாசி மகம் தாண்டித்தான் கிளம்புவோம்.


பான்சொடான் சாரங்கு
30 ஜனவரி, இரவு 8.20

மகம் பிப்ரவரி 19. பிறகு 26 அரைமதி. 27 புதன்கிழமை கடந்தால் நல்லது. என்ன திதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


முடோன் கணக்குப்பிள்ளை
30 ஜனவரி, இரவு 8.55

பார்த்தாள். நவமி. துவாண்டேயில் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.